காயப்போட்ட பாப்கார்ன்

மே 3, ஞாயிறு

நேத்ரா வந்துவிட்டாள். வளர்மதி கரூருக்குப் போய்ப் பதினொரு மணி பஸ்ஸில் கூட்டிவந்தாள். ஒரு துணிப்பை, ஒரு புத்தகப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். பத்து வயதுக்கு நல்ல உயரம்.

இந்த டைரி கோழித் தடுப்பூசிக் கம்பெனிக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்தது. நான்கு மாதமாக அலமாரி மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. நான் வேலை பார்க்கும் கோழித் தீவன ஆலை விஷயம் எழுத அங்கேயே நோட்டு இருக்கிறது. வீட்டு விஷயம் எழுத எனக்கு வீடு என்று ஒன்று வந்ததே ஜனவரியில்தான். நாற்பத்தாறு வயதில் முதல் கல்யாணம். எங்கள் பக்கம் பெண் கிடைக்காமல் நாற்பதைத் தாண்டியவர்களை எண்ண ஆரம்பித்தால் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு போதாது. வளர்மதிக்கு இது இரண்டாவது. முதல் ஆளோடு தீர்த்துக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடப் படிப்பு முடியட்டும் என்று மகளைத் தங்கை பிரேமா வீட்டில் விட்டிருந்தாள்.

"மே மாசம் முழுக்க இங்க இருந்து பாக்கட்டுங்க. முப்பத்தொண்ணாந்தேதி பிரேமா வருவா. இங்கயே படிக்கறேன்னு பாப்பா சொன்னா டிசி வாங்கிக்கலாம். கரூர்தான்னு சொல்லிட்டா நான் கட்டாயப்படுத்த மாட்டனுங்க" என்றாள் வளர்மதி.

"அப்ப நீ?"

"அவ இருக்கற எடத்துலதானுங்க நானும்."

நியாயம்தான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு யார் இருப்பார்கள். இன்று வெயில் கடுமை.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் கூப்பிடுவதே இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று வளர்மதியிடம் கேட்டேன். தியேட்டரில் விற்கிற பாப்கார்ன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீவன ஆலை வாசலில் இருபத்திரண்டு வருடமாக மக்காச்சோள லோடு பார்த்து எடுக்கிறவன் நான். பல்லில் ஒரு மணியைக் கடித்து, ஈரம் இவ்வளவு என்று சொல்லுவேன். மெஷின் வைத்துப் பார்த்தால் அரைப் புள்ளி முன்னே பின்னே இருக்கும். இந்த வீட்டிலா பாப்கார்னுக்குப் பஞ்சம்?

மே 5, செவ்வாய்

பஞ்சம்தான். தாவணகெரே லோடில் இருந்து முதல் தரமான மணியாக இரண்டு கை கொண்டுவந்து வாணலியில் போட்டேன். கருகியது. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

ஆலைக்கு வரும் விதைக் கடை ராக்கியண்ணனிடம் சொன்னபோது, "அது கோழி திங்கறதுங்க. பொரியறதுக்கு வேற ஜாதி இருக்குதுங்க, தோல் கெட்டியா, மணி சின்னதா. இத்தன வருசம் இதுலயே இருந்துட்டு இது தெரியாதுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள்.

மே 7, வியாழன்

மூன்று பேரும் பாப்கார்ன் மெஷின் வாங்கப் போனோம். நான் மிக்சி மாதிரி ஒன்று இருக்கும், எடுத்துக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சூடான காற்றில் பொரிப்பது. எண்ணெய் வேண்டாம், சீக்கிரம் ஆகும், கழுவும் வேலை இல்லை. ஆனால் உப்பும் காரமும் ஒட்டாது. இன்னொன்று எண்ணெய் ஊற்றுவது. அடியில் ஒரு கம்பி சுற்றிச் சுற்றிக் கிளறும். ருசியாக இருக்கும், ஆனால் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைப் பெண் முதலாவதைச் சொல்லும்போது அதுதான் சரி என்று பட்டது. இரண்டாவதைச் சொல்லும்போது அதுதான் சரி என்று பட்டது.

"எது வேணும் வளர்மதி?"

"உங்க இஷ்டமுங்க."

"கண்ணு, உனக்கு?"

"உங்க இஷ்டமுங்க."

தாயும் மகளும் ஒரே மாதிரி சொன்னார்கள், ஒரே குரலில். எனக்கு இஷ்டம் என்று ஒன்று இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்? நாலைந்து தரம் இதற்கும் அதற்கும் நடந்தேன். கடைசியில் கடைப் பெண் காற்று மெஷினில் பொரித்துக் காட்டினாள். பொலபொலவென்று வந்து விழுந்தது. நேத்ரா ஒரு காகிதக் கோப்பை நிறைய வாங்கி மொத்தத்தையும் சாப்பிட்டாள். மோவாயில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

காற்று மெஷினையே எடுத்தேன்.

மே 8, வெள்ளி

பொரிக்கிற சோளம் ஒரு பாக்கெட் வாங்கி, ஆலைக்குக் கொண்டுபோய் ஈரம் பார்த்தேன். 13.9. எங்கள் வாசலில் பதினாலைத் தாண்டினால் லோடு திரும்பும். இது ஏதோ தப்பிப் பிழைத்த சரக்கு. நல்ல பெயர் போட்ட கம்பெனி, இப்படியா காயவைக்காமல் அடைப்பார்கள்? அக்னி நட்சத்திர வெயில் சும்மாதானே அடிக்கிறது. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கொட்டிப் பரப்பிவிட்டேன். இரண்டு நாள் காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

நேத்ரா மாடிப்படியில் காலிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன கண்ணு?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வளர்மதி வந்தாள்.

"காயப்போடறீங்களா?"

"பின்ன? இந்த ஈரத்துல எப்படிப் பொரியும்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் கேட்டேன்."

மே 10, ஞாயிறு

பொரியவில்லை.

மெஷின் என்னவோ விமானம் மாதிரி கத்தியது. ஏழோ எட்டோ வெடித்திருக்கும். மற்றதை எல்லாம் காற்று அப்படியே தூக்கி வெளியே வீசியது. சரளைக்கல் மழை. ஸ்டவ்வில், சாமி படத்தில், என் சட்டைப் பையில். அதைப் பிடிக்கப் போய் என் முழங்கை பட்டு எவர்சில்வர் அண்டா கீழே விழுந்து, தெருவுக்கே கேட்கும்படி உருண்டது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது சேர்ந்து சிரிப்பார்கள் என்று திரும்பினேன்.

நேத்ரா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வளர்மதி அதற்குள் விளக்குமாறு எடுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள்.

"தப்பு என்மேலதானுங்க. அண்டாவ ஓரமா வெச்சுட்டேன்."

அண்டாவை அங்கே வைத்தது நான். இடித்தது நான். "நான்தானே இடிச்சேன்?" என்றேன். "இல்லீங்க, நான் கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கூட்டினாள். ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கூட்டினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்துக்குப் பயந்திருக்கும். குழந்தைதானே.

மே 11, திங்கள்

நேத்ரா: பேசவில்லை. மெஷின்: அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது.

மே 13, புதன்

கடைக்குப் போன் செய்தேன். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "நீங்க சரியா யூஸ் பண்ணியிருக்க மாட்டீங்க சார்" என்று அந்தப் பையன் சொன்னதும் ஆலை வாசல் குரல் வந்துவிட்டது. ஈரச் சரக்கை நடுவில் மறைத்து ஏற்றி வரும் லாரிக்காரனிடம் கத்துகிற குரல். மக்காச்சோளத்தைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறாய் என்று ஒரு பாட்டம் கொடுத்தேன். எண்ணெய் மெஷினாக மாற்றித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

போனை வைத்தபோது டிவி நின்றிருந்தது. நேத்ரா சாப்பிட வரவில்லை. தலைவலி என்றாள் வளர்மதி. எனக்குப் பரிமாறும்போது கரண்டியைத் தவறவிட்டாள். ரசம் சூடாக இருந்திருக்கும்.

மே 17, ஞாயிறு

எண்ணெய் மெஷின் வந்துவிட்டது. புதுப் பாக்கெட் வாங்கி, போன தடவை இரண்டு நாள் பத்தாமல் போயிருக்கும் என்று இந்தத் தடவை மூன்று நாள் காயவைத்தேன். ஈரம் 9.4. இதைவிட அருமையான சரக்கை நான் பார்த்ததே இல்லை.

கம்பி சுற்றியது. எண்ணெய் புகைந்தது. மணிகள் சிவந்தன, கறுத்தன, சில மட்டும் லேசாக விரிசல் விட்டன. ஒரு தட்டில் போட்டு மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி வைத்தேன். இருவரும் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க" என்றாள் நேத்ரா. கடகடவென்று பல்லில் சத்தம் கேட்டது.

"அருமையா இருக்குதுங்க" என்றாள் வளர்மதி.

நானும் ஒன்றை வாயில் போட்டேன். கடைவாய்ப் பல் போயிருக்கும். கூழாங்கல்லுக்கு மிளகாய்ப்பொடி தூவியது மாதிரி இருந்தது. துப்பினேன். அவர்கள் இருவரும் துப்பவில்லை. குழந்தை இன்னொன்றை எடுத்தது.

மெஷின் பொரிக்காததுகூடப் பரவாயில்லை. இந்த 'நல்லாருக்குதுங்க' என்னை மதியம் முழுக்கப் படுத்தியது. தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டலாம் என்று நினைத்தேன். பிடுங்கினால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று அதையும் செய்யவில்லை. நானே உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

மே 20, புதன்

கேட்டுவிட்டேன். நேத்ரா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். "கல்லுன்னு தெரிஞ்சும் எதுக்கு ரெண்டு பேரும் நல்லாருக்குன்னு சொன்னீங்க?" என்றேன். வளர்மதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அவளுக்கு ஆறு வயசுங்க. ஒரு தடவ மூணு பேரும் சேலத்துக்குப் போகணும். அவரு தப்பா திண்டுக்கல் பஸ்ல ஏத்திட்டாரு. பாப்பா அப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுச்சு. 'அப்பா, இது நம்ம பஸ் இல்ல, போர்டுல வேற போட்டிருக்குது'ன்னு சொல்லுச்சு. கண்டக்டரு சிரிச்சுட்டாரு. எறக்கி, பஸ் ஸ்டாண்டுலயே வெச்சு அடிச்சாருங்க."

"பஸ் தப்புதானே?"

"தப்புதானுங்க. சரியா சொன்னதுக்குத்தான் அடி. அதுக்கப்புறம் அது யாருகிட்டயும் தப்புன்னு ஒண்ணு சொல்றதில்லீங்க. கடையில மிட்டாய் மாத்திக் குடுத்தாக்கூட வாங்கிட்டு வந்துரும்."

"நான் அந்த மாதிரி ஆளு இல்ல வளர்மதி."

"தெரியுமுங்க."

தெரியும் என்று அவள் சொன்ன குரலும் அன்று 'அருமையா இருக்குதுங்க' என்று சொன்ன குரலும் ஒன்றாகத்தான் இருந்தன.

போனில் நான் கத்தியது ஒரு மெஷினுக்காக. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? வெட்கமாக இருக்கிறது.

மே 23, சனி

இன்று ஒரு லோடில் நடு மூட்டை எல்லாம் ஈரம் 17. நான் கத்தவில்லை. "திருப்பிக் கொண்டுபோயிருங்க" என்று மட்டும் சொன்னேன். டிரைவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று கேட்டார்.

மே 26, செவ்வாய்

பிரேமா போன் செய்தாள். ஞாயிறு காலை வருகிறாளாம். நேத்ரா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். சீப்பு, ரிப்பன், தண்ணீர் பாட்டில்கூட உள்ளே போய்விட்டது. குடிக்க வேண்டும் என்றால் எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே வைக்கிறாள்.

"இங்கயே இருக்கறியா கண்ணு?"

"உங்க இஷ்டமுங்க."

"உன்னோட இஷ்டத்தத்தான் கேக்கறேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ கடினமான கணக்கைக் கொடுத்துவிட்ட மாதிரி. மேற்கொண்டு கேட்காமல் விட்டேன்.

வளர்மதியின் துணிகள் பீரோவில்தான் இருக்கின்றன. அவள் குளிக்கும்போது திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

இன்னொரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறேன். இன்னும் நாலு நாள் இருக்கிறது. நல்ல வெயிலும் இருக்கிறது.

மே 28, வியாழன்

இன்றோடு அக்னி நட்சத்திரம் முடிகிறது. ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்கே மாடியில் வேட்டியை விரித்து மூன்றாவது பாக்கெட்டைக் கொட்டினேன். கையால் பரப்பிக்கொண்டிருக்கும்போது மாடிக் கதவில் நேத்ரா வந்து நின்றாள். செருப்பு போடவில்லை. நிழல் விழும் கோட்டைத் தாண்டாமல் நின்றாள். அவள் கையில் அந்த முதல் பாக்கெட்டின் காலி உறை இருந்தது. நாலாக மடித்து எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள்.

"காயப்போடாதீங்க" என்றாள்.

நான் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை இது. சொல்லிவிட்டுக் கதவை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஓடுவதற்குத் தோதாக.

"ஏன் கண்ணு?"

"நீங்க... நீங்க செய்யறது தப்பு." உறையைப் பிரித்தாள். "வெயில்ல வெக்கக்கூடாதுன்னு இதுல போட்டிருக்குது. ஈரம் போகாம மூடி வெக்கணுமாம். உள்ள இருக்கற ஈரம் சூடாகி ஆவியாத்தான் வெடிக்குமாம். ஈரம் போச்சுன்னா பொரியாதாம்."

"எங்க, காட்டு" என்று கையை நீட்டினேன். அவள் கிட்டே வரவில்லை. தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்தேன். பின்பக்கம் ஓரத்தில் எறும்பு மாதிரி பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷில். அவள் சொன்னதேதான். மே எட்டாம் தேதியிலிருந்து இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக எந்த ஈரத்தை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேனோ, அதுதான் இதற்கு உயிர். என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

"நான்தான் தப்பு. நீ சொல்றதுதான் சரி."

அவள் அப்படியே நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பிறகு இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வராத ஒன்றை வராது என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? உட்கார்ந்து மணிகளை அள்ளி டப்பாவில் போட ஆரம்பித்தேன். பாதி அள்ளியபோது வேட்டியின் மறுமுனை அசைந்தது. அவள் எதிரே உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து எண்ணெய் மெஷினில் போட்டோம். ஊற்றும்போது, "எண்ணெய் ஜாஸ்தி" என்றாள். நிறுத்தினேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வெடித்தது. இன்னொன்று. அப்புறம் தீபாவளி. மூடி மேலே எழும்பி மேடை எல்லாம் கொட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த வளர்மதி விளக்குமாற்றைத் தேடினாள். "இருக்கட்டும் விடு" என்றேன்.

நேத்ரா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

"உப்பு பத்தல" என்றாள்.

மே 31, ஞாயிறு

பிரேமா வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே என் கண் வாசலில் கிடந்த தாய், மகள் செருப்புகள் மேல் போனது. இதை எழுதுவதில் வெட்கம் என்ன. இந்த மாதம் முழுக்க நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். மெஷின், எண்ணெய், ஈரம் என்று எழுதியதெல்லாம் அந்தப் பயத்தைத்தான்.

டீ குடித்து முடித்து, "கெளம்பலாமா பாப்பா?" என்று கேட்டாள் பிரேமா. நேத்ராவின் பை கூடத்தில் தயாராக இருந்தது.

"நான் வரல சித்தி. இவருக்கு ஒண்ணுமே தெரியல. மக்காச்சோளத்துல வேல பாக்கறாரு, பாப்கார்ன வெயில்ல காயப்போடறாரு. கேஸ் மூடறதில்ல. நேத்து ரெண்டு பக்கமும் பாக்காமயே என்னைக் கூட்டிட்டு ரோட்டத் தாண்டப் போனாரு. நான்தான் நிறுத்துனேன்."

"பேசாம இரு பாப்பா" என்றாள் வளர்மதி. அவள் பார்த்தது மகளை அல்ல, என் முகத்தை. அவளை அறியாமல் அவளுடைய ஒரு கை நேத்ராவின் முன்னால் நீண்டிருந்தது, தடுப்பதற்கு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்டா உருண்ட அன்று சிரித்த மாதிரி, அடக்க முடியாமல். "சொல்லட்டும் விடு, எல்லாம் நெசந்தானே" என்றேன். வளர்மதியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

பிரேமா மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் போனாள். டிசியை வாங்கி அனுப்புகிறேன் என்றாள். நேத்ரா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல டீ போட்டு வளர்மதிக்கு ஒரு டம்ளர் நீட்டினேன். வாங்கி மேடையில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"எனக்கு டீ புடிக்காதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே காபிதான்."

ஜனவரியிலிருந்து தினமும் இரண்டு வேளை டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் தவறாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்திருக்கிறாள். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் காபித்தூள் வாங்கி வந்தேன். வளர்மதி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சிக்கரி கலந்திருக்குதுங்க. கலக்காததுதான் வேணும். போய் மாத்திட்டு வாங்க."

மாற்றப் போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கடைக்கும் போனதில்லை.